கொட்டடியை வரையும் கை

விருத்தாசலத்தை அடுத்த மங்களூர் ஒன்றியத்தில் ஒரு வரப்புத் தகராறு முற்றி அடிதடி வழக்காகிவிட்டால், அந்தக் குடும்பம் மூன்று கட்டடங்களோடு பழகியாக வேண்டும். முதலில் திட்டக்குடியிலோ விருத்தாசலத்திலோ உள்ள நீதிமன்றம். ரிமாண்டு ஆனால் விருத்தாசலம் கிளைச்சிறை. வழக்கு பெரிதானால் கடலூர் கேப்பர் மலை மத்தியச் சிறை. வாய்தாவுக்கு வந்த பெண் கைக்குழந்தையோடு எங்கே உட்காருவாள், டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவள் காதில் விழுமா, சாட்சி சொல்ல வந்தவர் எதிரியின் ஆட்களை உரசிக்கொண்டுதான் படியேற வேண்டுமா, மனு பார்க்கப் போனால் கம்பிவலைக்கு அப்பாலிருந்து மகன் பேசுவது புரியுமா என்பவற்றை எந்தச் சட்டப் பிரிவும் முடிவு செய்வதில்லை. யாரோ ஒருவர் வரைபடத்தில் இழுத்த கோடு முடிவு செய்கிறது. அப்படிக் கோடு இழுப்பவர்கள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுக்கவும், தேவைப்பட்டால் சேர்ந்து மறுக்கவும் தமிழ்நாட்டில் ஒரு தொழில்முறை அமைப்பு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இதற்கு முன்மாதிரி உண்டு. அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகத்துக்குள் நீதிமன்றம், சிறை, காவல் நிலையம் ஆகியவற்றை வடிவமைப்பவர்களுக்கென்றே ‘நீதிக் கட்டடக்கலை அவை’ என்ற பிரிவு இயங்குகிறது. இத்துறையின் பாலபாடம் ஒன்றைச் சொன்னாலே அதன் பயன் விளங்கும். நீதிபதிக்கு ஒரு பாதை, காவலில் உள்ளவருக்கு ஒரு பாதை, பொதுமக்களுக்கு ஒரு பாதை. மூன்றும் நீதிமன்ற அறைக்குள் மட்டுமே சந்திக்க வேண்டும். கேட்கும்போது எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர்களில் ஆயுதப்படை வேனிலிருந்து விலங்கோடு இறங்குபவரும், அவருக்கு எதிராகச் சாட்சி சொல்ல வந்தவரும் ஒரே தாழ்வாரத்தில் நிற்கும்படி வரைந்துவிட்டால், அந்தச் சாட்சி கூண்டேறும்போது பிறழ்வதற்குக் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. குழந்தை சாட்சியம் அளிக்கும்போது குற்றம் சாட்டப்பட்டவரின் பார்வையில் படக் கூடாது என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்குத் தனி வாக்குமூல மையங்கள் அமைக்கும்படி 2022இல் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. சட்டம் கேட்பது ஓர் அறையையும் ஒரு தனி வாசலையும். அவற்றைக் கட்டடத்தில் எங்கே வைப்பது என்று தெரிந்த கைகள் வேண்டும்.

நிலைமை எப்படி இருந்தது என்பதை 2021 அக்டோபரில் அன்றைய தலைமை நீதிபதி என். வி. ரமணா அவுரங்காபாத்தில் வெளிப்படையாகவே சொன்னார். அப்போது நாட்டின் நீதிமன்ற வளாகங்களில் 26 சதவீதத்தில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இருக்கவில்லை. சுத்திகரித்த குடிநீர் 54 சதவீதத்தில்தான் இருந்தது. அடிப்படை மருத்துவ வசதி வெறும் 5 சதவீதத்தில். கழிப்பறைக்காக உச்ச நீதிமன்றமே 2025 ஜனவரியில் தனித் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற விருத்தாசலம் வட்டாரத்திலிருந்து எழுதும்போது இந்தச் செய்தி கூடுதலாகவே உறுத்துகிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் 1892ஆம் ஆண்டுச் சிவப்புக் கட்டடத்தை நினைத்துப் பாருங்கள். கடலில் வரும் கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கைக்கூட அதன் கோபுரத்தில் பின்னர் ஏற்றினார்கள். தொலைவிலிருந்து பார்ப்பவரை மலைக்கவைக்கும் அழகு அது. அந்த அழகின் மேல் எனக்கும் மதிப்பு உண்டு. ஆனால் நாள் முழுக்கக் காத்திருக்கும் கட்சிக்காரரை மனத்தில் வைத்துத் தொடங்கும் மரபு நமக்கு இன்னும் வாய்க்கவில்லை.

கட்டடக் கலைஞர் அரசு கேட்டதை வரைந்து தருபவர்தானே, அவர்மேல் என்ன பொறுப்பு என்று கேட்கலாம். பதில் அந்தமான் சிறையில் இருக்கிறது. அது 1896 முதல் 1906 வரை கட்டப்பட்டது. நடுக் கோபுரத்திலிருந்து ஏழு சிறகுகள் பிரிந்தன. ஒரு சிறகின் முகப்பு அடுத்த சிறகின் முதுகைப் பார்த்தது. கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்காதபடி செய்தது காவலரின் கொடுமை அல்ல, வரைபடம். நம் பக்கத்து உதாரணம் இன்னும் கசப்பானது. பாளையங்கோட்டை மத்தியச் சிறையில் தேவர், நாடார், பள்ளர் எனச் சாதிவாரியாகப் பிளாக் ஒதுக்கப்பட்டதை, 2024 அக்டோபர் 3 அன்று சிறைகளில் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மோதலைத் தவிர்க்கவே பிரித்தோம் என்று சொல்லப்பட்ட காரணம் அங்கே ஏற்கப்படவில்லை. பிரித்து வைக்கத் தோதான கட்டடம் இருக்கும்வரை பிரிக்கும் ஆசைக்கு வேலை மிச்சம். தீர்ப்புக்குப் பிறகு அந்தச் சுவர்களையும் முற்றங்களையும் எப்படி மாற்றுவது என்பது ஒரு வடிவமைப்புக் கேள்வி. அதை யாரிடம் கேட்பது?

விதிகள்தான் இருக்கின்றனவே என்பது அடுத்த மறுப்பு. உண்மைதான். மாதிரிச் சிறைக் கையேடு பொதுக் கொட்டடியில் ஒருவருக்கு 3.71 சதுர மீட்டர், தனி அறையானால் 8.92 சதுர மீட்டர் என்று அளந்து சொல்கிறது. ஒரு கொட்டடியில் 20 பேருக்கு மேல் கூடாது என்கிறது. ஆனால் சதுர மீட்டர் கணக்கு சரியாக இருந்தும், சித்திரை வெயிலில் மேற்குச் சுவர் இரவெல்லாம் அனல் கக்கும் அறை உண்டு. பொதுப்பணித் துறையும் காவலர் வீட்டுவசதிக் கழகமும் இக்கட்டடங்களைக் கட்டுகின்றன. பொறியாளருக்கு இந்த ஆண்டு நீதிமன்றம், அடுத்த ஆண்டு பள்ளிக்கூடம், அதற்கடுத்து மாறுதல். அவர் கற்றது அவரோடு போய்விடுகிறது. 1837இல் தொடங்கிய சென்னை மத்தியச் சிறையை விட்டு 2006இல் புழலுக்குப் போனோம். 2009இல் பழையதை இடித்தோம். அந்தச் சிறையில் எது வேலை செய்தது, எது ஆளை உடைத்தது என்பதைக் கட்டடத் தொழிலின் பார்வையில் தொகுத்து வைக்க ஓர் அவை இருந்திருக்க வேண்டும். கட்டடக் கலைஞர்கள் சட்டம் 1972இலேயே வந்துவிட்டது. பொதுவான தொழில் நெறிகளும் உள்ளன. பூட்டிய அறையை வரைபவருக்கு அவை போதா.

பள்ளிக்கூடத்தில் ஓடு ஒழுகும்போது கைதிக்குக் காற்றோட்டமா என்ற கேள்வியில் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தை நான் தள்ளிவிட மாட்டேன். ஆனால் 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். தவிர, தனி வாசலோ, நிழல் தரும் திண்ணையோ வரைபடத்தில் இருக்கும்போது அதிகச் செலவு வைப்பதில்லை. கட்டி முடித்தபின் சுவரை உடைத்துச் செய்வதுதான் செலவு.

எனக்கே கனமாகப் படும் மறுப்பு வேறு. இப்படி ஓர் அமைப்பு சிறைகளை நாகரிகமாக்கி, இன்னும் அதிகமாகக் கட்ட வழி செய்துவிடாதா? அதே 2022 இறுதியில் நாட்டின் சிறை நிரம்பல் 131.4 சதவீதம். அதைக் காட்டிப் புதுக் கட்டடம் கேட்பது எளிது; ஜாமீனையும் விசாரணையையும் விரைவுபடுத்துவது கடினம். இந்த ஆபத்து உண்மை. ஆனால் அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 1981இல் தொடங்கிய சமூகப் பொறுப்புக்கான கட்டடக் கலைஞர்கள் அமைப்பு, மரண தண்டனைக் கூடத்தையும் நீடித்த தனிமைச் சிறையையும் வடிவமைப்பதைத் தொழில் நெறி தடை செய்ய வேண்டும் என்று கேட்டது. அமெரிக்கக் கட்டடக் கலைஞர்கள் கழகம் 2014இல் மறுத்தது. 2020 டிசம்பரில் ஏற்றது. தனிமைச் சிறைக்கு ஐ.நா.வின் மண்டேலா விதிகள் சொல்லும் 15 நாள் எல்லையையே அது அளவாக வைத்தது. ஒற்றைக் கட்டடக் கலைஞர் ‘வரைய மாட்டேன்’ என்றால் வேலை அடுத்தவருக்குப் போகும். எல்லாரும் ஒரு நெறியில் கையெழுத்திட்டிருந்தால்தான் அந்த மறுப்புக்கு எடை வரும்.

தமிழ்நாட்டுச் சிறைகளில் அந்த அளவு நெரிசல் இல்லை. நின்று யோசிக்க நமக்கு இடம் இருக்கிறது. அப்படி ஓர் அவை அமைந்தால் முதல் வேலை புதுக் கட்டடமாக இருக்க வேண்டாம். ஏற்கெனவே உள்ள ஒரு தாலுகா நீதிமன்றத்துக்கும் ஒரு கிளைச்சிறைக்கும் அளவு நாடாவோடு போகட்டும். டவாலி, வக்கீல் குமாஸ்தா, வார்டர், கழிப்பறை கழுவுபவர், மங்களூர்ப் பக்கத்திலிருந்து முதல் பேருந்தில் வாய்தாவுக்கு வந்தவர், போன மாதம் விடுதலையானவர் ஆகியோரை வரைபடத்தின் முன் உட்காரவைத்து, எந்த இடத்தில் இடிக்கிறது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லட்டும்.