எண்ணெயும் ஒட்டாத மேற்பரப்பு

சிங்கப்பூரின் தேக்காச் சந்தையில் புரோட்டா தின்ற கையோடு மூக்குக் கண்ணாடியைத் தொடுகிறோம். எண்ணெய்க் கறை படிகிறது. ஆயினும் கண்ணாடி புதிதானால், மெல்லிய துணியால் ஒருமுறை துடைத்ததும் கறை போய்விடுகிறது. இது எப்படி?

நம் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளைக் கேட்டால் சேம்பிலையைக் காட்டுவார்கள். அதில் நீர் முத்தாக உருளும். ஆனால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பாருங்கள், பரவிவிடும். எண்ணெயையும் விலக்குவது ஃபுளோரின் என்னும் தனிமம்.

கண்ணாடி வில்லையில் ஒளித்தெறிப்பைக் குறைக்க டைட்டானியம், சிர்க்கோனியம் ஆகிய உலோகங்களின் ஆக்சைடுகளையும் சிலிக்கான் ஆக்சைடையும் பூசுவதுண்டு. அவற்றின் மேல் ஃபுளோரின் மூலக்கூறுகளை நடுகிறார்கள். ஒவ்வொன்றையும் ஒரு நாற்று என்று கொள்வோம். சிலிக்கான் கொண்ட வேர்முனை ஆக்சைடை இறுகப் பற்றும். அலுமினியம், டைட்டானியம் ஆக்சைடுகளுக்குப் பாஸ்பரஸ் கொண்ட வேரும் பொருந்தும். மேலே நிற்பது ஃபுளோரின். அது தன் எலெக்ட்ரான்களை இறுகப் பிடித்திருப்பதால் நீரையும் எண்ணெயையும் மிகக் குறைவாகவே ஈர்க்கிறது. இப்படலத்தின் கனம் சில நானோமீட்டர்தான். தலைமயிரின் பருமனில் ஆயிரக்கணக்கில் ஒரு பங்கு.

எண்ணெய் ஒட்டாத ஒற்றை மூலக்கூறுப் படலத்தை 1946இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் சிஸ்மன் குழுவினர் விளக்கினர். அதற்கு ஃபுளோரின் தலையே மிகச் சிறந்தது என்பதை 1954இல் காட்டினர்.

நேயர்களே, இதன் மறுபக்கத்தையும் அறிய வேண்டும். கார்பனும் ஃபுளோரினும் கொண்ட பிணைப்பு மிக உறுதியானது. படலம் நிலைக்க உதவும் அதே உறுதியால், தேய்ந்து கழுவப்பட்ட பின்னும் மண்ணிலும் நீரிலும் அது எளிதில் அழிவதில்லை. இவ்வினத்தைச் சேர்ந்த, எட்டுக் கார்பன் கொண்ட இரு சேர்மங்களை ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2009இலும் 2019இலும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

கழிவுநீரைத் தூய்மையாக்கிப் புதுநீராக 2003 முதல் வழங்கும் சிங்கப்பூருக்கு இது சிறிய செய்தியன்று. சவ்வு வடிகட்டிகள் இச்சேர்மங்களைப் பெரிதும் தடுக்கும். ஆனால் தடுக்கப்பட்டது அழிவதில்லை. ஒதுக்கிய நீரில் தங்குகிறது.

ஆகவே கண்ணாடியைச் சொரசொரப்பான துணியால் தேய்க்காதீர்கள், மென்மையாகத் துடையுங்கள். படலம் நெடுநாள் இருக்கும். நீரில் சேர்வதும் குறையும். ஒட்டாத பொருள்தான், ஆனால் உலகை விட்டு எளிதில் போகாத பொருள் என்பதை நினைவில் கொள்வோம்.