பாட்டியின் தயக்கமும் பேத்தியின் திரைப் பிரவேசமும்

நம் இல்லங்களில் பெண் குழந்தைகள் நாட்டியம் பயில்வதை யாரும் மறுப்பதில்லை. நவராத்திரி விழாவில் சங்க மேடையேறி அவர்கள் ஆடுங்கால், பெற்றோர் முன்வரிசையில் அமர்ந்து பூரிக்கின்றனர். அதே பெண் பதினைந்து பிராயத்தில், ‘இதையே என் தொழிலாகக் கொள்ளட்டுமா?’ என்று கேட்டுவிட்டாலோ, வீடு மௌனமாகிவிடுகிறது. கலைக் குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்கு இத்தொல்லை இராது என்று நாம் எண்ணுகிறோம். வைஜயந்திமாலாவின் வரலாறு அவ்வாறு சொல்லவில்லை.

அவருடைய தாயார் வசுந்தரா தேவி, 1943-ல் ஜெமினி வெளியிட்ட ‘மங்கம்மா சபதம்’ படத்தில் ரஞ்சனுடன் நடித்துத் தமிழகமெங்கும் புகழ் பெற்றவர். எனினும் வைஜயந்திமாலாவைப் பேணி வளர்த்தவர் பாட்டி யதுகிரி தேவியே. வழுவூர் ராமையா பிள்ளையிடம் பரதமும், மணக்கால் சிவராஜ ஐயரிடம் சங்கீதமும் முறையாகக் கற்பிக்கப்பட்டன. 1940-ல், சிறு குழந்தையாக இருந்தபோதே, வாடிகன் நகரில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ் முன்னிலையில் அவர் ஆடினார். தாயார் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சென்னை கோகலே மண்டபத்தில் நடந்த ஒரு நாட்டிய நிகழ்ச்சியில் அவரைக் கண்ணுற்றவர் எம். வி. ராமன். ஏவி. எம். தயாரிக்கவிருந்த ‘வாழ்க்கை’ படத்துக்குக் கதாநாயகி தேடிக்கொண்டிருந்த சமயம் அது. கேட்டவுடன் பாட்டி இசைந்துவிடவில்லை. பெண் மிகச் சிறியவள், படிப்புக் கெடும், நாட்டியமும் கெடும் என்பது அவர் கவலை. இதனைப் பழமைப்பற்று என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. நடிகையின் வாழ்வை வீட்டுக்குள்ளிருந்தே கண்டவர் அவர். மகளின் புகழை அறிந்த ஒருவர் பேத்தியின் பொருட்டுத் தயங்கினாரெனில், அத்தயக்கத்துக்கு மதிப்புண்டு. பிறகே சம்மதம் கிடைத்தது. 1949 டிசம்பரில் ‘வாழ்க்கை’ வெளிவந்து பெருவெற்றி கண்டது. கல்லூரி மாணவி மோகனாவாக, பள்ளிப் பருவம் நீங்காத முகத்துடன் அவர் திரையில் தோன்றினார்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதற்கு மேல் நடந்ததே முக்கியம். அதே கதை 1950-ல் ‘ஜீவிதம்’ எனத் தெலுங்கிலும், 1951-ல் ‘பஹார்’ என ஹிந்தியிலும் எடுக்கப்பட்டது. மூன்றிலும் அவரே நாயகி. முகம் ஒருவருடையதாகவும் குரல் வேறொருவருடையதாகவும் இருப்பது திரையுலகில் புதுமையன்று. அந்தச் சுலப வழி அவருக்கும் திறந்தே இருந்தது. அவர் அதில் செல்லவில்லை. தெலுங்கு வசனங்களுக்கு அம்மொழி அறிந்த தந்தையார் துணை நின்றார். ஹிந்திக்காகவோ, 1918-ல் காந்தியடிகள் சென்னையில் தோற்றுவித்த ஹிந்தி பிரசார சபையில் சேர்ந்து பாடம் கேட்டார். ‘பஹா’ரில் தம் சொந்தக் குரலிலேயே பேசினார். (கடைத்தெருவில் கீரைக்காரரிடம் பேரம் பேசும் அளவுக்கு அயல்மொழி பயிலவே நம்மில் பலருக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன!) பம்பாய்ப் பட உலகம் ஒரு தென்னாட்டுப் பெண்ணை ஏற்றுக்கொண்டதற்கு அழகும் நாட்டியமும் மட்டுமே காரணம் என்பாருண்டு. நாம் அதை ஒப்புவதற்கில்லை. வந்த இடத்தின் சொல்லைத் தம் நாவில் ஏற்றிக்கொண்ட உழைப்பையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

1954-ல் ‘நாகின்’ வட இந்தியாவெங்கும் அவர் பெயரைப் பரப்பியது. அடுத்த ஆண்டு பிமல் ராயின் ‘தேவதா’ஸில் சந்திரமுகியாக நடித்தமைக்கு, சிறந்த துணை நடிகை என ஃபிலிம்ஃபேர் பரிசு அறிவிக்கப்பட்டது. அவர் அதைப் பெற மறுத்துவிட்டார். பார்வதியாக நடித்த சுசித்ரா சென்னின் பாத்திரத்துக்குத் தம் பாத்திரம் இணையானதேயன்றித் துணையானதன்று என்பது அவர் வாதம். வீட்டாரின் நிழலில் வளர்ந்த பெண் தன் காலில் நிற்கக் கற்றுக்கொண்டிருந்தாள்!

நாட்டியம் கெடுமென்ற பாட்டியின் அச்சம் என்னவாயிற்று? 1968-ல் திருமணமாயிற்று. 1970-ல் வெளிவந்த ‘கன்வார்’ படத்துடன் அவர் நடிப்பை நிறுத்திக்கொண்டார்; பரதத்தை நிறுத்தவில்லை. 2024-ல் பத்மவிபூஷண் விருது பெற்றார்.

தாயாரைப் பற்றியும் ஒரு செய்தி. எஸ். எஸ். வாசன் இயக்கி 1960-ல் வந்த ‘இரும்புத்திரை’யில் வைஜயந்திமாலா நாயகி, அவருக்கு அன்னையாக நடித்தவர் வசுந்தரா தேவியே.