உங்களுக்குத் தெரியுமா? பிரிட்ஜின் சூடு எங்கே போகிறது?

பிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளிருக்கும் சூட்டை எடுத்து வெளியே தள்ளுகிறது. முன்பு அந்தச் சூடு முதுகிலுள்ள கறுப்புக் கம்பிவலை வழியாகப் போனது. இப்போது பல மொடல்களில் குழாய்கள் பக்கச் சுவருக்குள் மறைந்திருக்கின்றன. கையை வைத்தால் இளஞ்சூடு தெரியும். தீவுக் கிராமமான சரவணையில் வீடு திருத்தி, பிரிட்ஜைச் சுற்றிக் குசினி அலுமாரி அடிக்கிறவர்கள் முதலில் தொட்டுப் பார்க்கவேண்டியது அந்த இடத்தைத்தான். பலகையை இறுக்கி அடித்தால் கொம்பிரசர் ஓயாமல் ஓடும், கறன்ட் பில் ஏறும். விடவேண்டிய இடைவெளி மொடலுக்கு மொடல் வேறு. ஆகவே பிரிட்ஜை வாங்கி, கூட வரும் கையேட்டைப் பார்த்த பிறகே ஓடாவியாரைக் கூப்பிடுங்கள்.

பிரிட்ஜின் விபரத் தகட்டில் காலநிலை வகுப்பும் இருக்கும். ‘டி’ என்றால் 43 பாகை செல்சியஸ் வரை தாங்கும். ‘என்’ 32 வரைதான். நம் சித்திரை வெயிலுக்கு எது தேவை என்று சொல்லவேண்டியதில்லை.

அலுமாரி அடிக்க பிரிட்ஜின் அகலம் மட்டும் அளந்தால் போதாது. கதவு பக்கச் சுவரில் முட்டி நின்றால், பல பிரிட்ஜுகளில் மரக்கறி லாச்சியை வெளியே இழுக்கவே முடியாது! தீவின் உப்புக்காற்றில் சாதா இரும்புப் பிணைச்சல் கறள் கட்டும். அமுக்கிய மரத்தூள் பலகை ஈரம் குடித்து ஊதும். அலுமினியம் பரவாயில்லை.

கனடாவிலிருந்து சொந்தக்காரர் பிளான் அனுப்பினால் வாங்கிக்கொள்ளலாம். பிரிட்ஜை அனுப்பவேண்டாம்: அங்கே 120 வோல்ட், இங்கே 230.