அசாம் தேயிலைத் தோட்டங்களில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடுவது ஏன்? இந்திய நேரத்தின் அறியப்படாத வரலாறு

அசாமின் தேயிலைத் தோட்டம் ஒன்றில் காலை ஒன்பது மணி அடிக்கும்போது, தோட்டத்தின் வாயிலுக்கு வெளியே உள்ள அஞ்சல் நிலையத்தில் மணி எட்டுதான். தோட்டத்துக் கடிகாரம் பழுதானதும் அல்ல. யாரோ தவறாகத் திருப்பி வைத்ததும் அல்ல. நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கு நடைமுறையில் இருக்கும் தனி நேரம் அது. அசாமியர்கள் அதனைச் ‘சாய் பாகான் நேரம்’ என்று அழைக்கின்றனர். ‘பாகான்’ என்றால் தோட்டம். இந்தியத் திட்ட நேரத்தைவிடச் சரியாக ஒரு மணி நேரம் முன்னதாக ஓடும் இந்த நேரத்தைக் கொண்டுதான் அங்கு வேலை தொடங்குகிறது, உணவு இடைவேளை வருகிறது, நாள் முடிகிறது.

நாடு முழுவதும் அரசு மற்றும் வணிகப் பணிகள் அனைத்துக்கும் இந்தியத் திட்ட நேரத்தை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று வலியுறுத்தும் வரைவு விதிகளை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2025 ஜனவரியில் வெளியிட்டது. இணையப் பரிவர்த்தனைகள், தொலைத்தொடர்பு, மின்தொகுப்பு ஆகியவற்றில் நொடியின் மிகச் சிறு பின்னம் வரை ஒத்திசைவு தேவைப்படுவதே இதற்குக் காரணம். ஆனால், இந்த ஒற்றை நேரம் நாடு முழுவதற்கும் வந்து சேர்ந்த கதை அவ்வளவு எளிதானதாக இல்லை. கல்லெறி, வேலைநிறுத்தம், நகரமன்றத் தீர்மானம், விளக்கு எரிக்கப் பணம் தர மறுப்பு என அனைத்தும் அதில் உண்டு.

சூரியன் கடக்கும் 2 மணி நேரம்

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடங்கள். இந்தியாவின் மேற்கு எல்லை 68 பாகை 7 கலை கிழக்குத் தீர்க்கரேகையிலும், கிழக்கு எல்லை 97 பாகை 25 கலையிலும் அமைந்துள்ளன. இடையே உள்ள 29 பாகைகளைச் சூரியன் கடப்பதற்கு ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகிறது.

இதன் விளைவைக் கடிகாரத்தில் பார்க்கலாம். ஜூன் மாதத்தில் அருணாசலப் பிரதேசத்தின் டோங் கிராமத்தில் அதிகாலை 4 மணியை ஒட்டியே சூரியன் உதித்துவிடுகிறது. அதே நாளில் குஜராத்தின் கட்ச் கடற்கரையில் உதயம் காண 6 மணி கடந்தாக வேண்டும். டிசம்பரில் நிலைமை வேறுவிதம். நாகாலாந்தின் கோஹிமாவில் மாலை நாலரை மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது. அலுவலகங்கள் இயங்கும் நேரமோ டெல்லியில் உள்ளதைப் போன்றதே. கோஹிமாவின் அரசு ஊழியர் தமது பணி நாளின் கடைசிப் பகுதியை மின்விளக்கின் அடியில்தான் கழிக்க வேண்டும். காலையில் அவருக்குக் கிடைத்த வெளிச்சமோ உறக்கத்திலும் வீட்டிலும் கழிந்துவிட்டிருக்கும்.

மதராஸ் நேரம்

ரயில் வரும் வரை இந்தியாவில் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் நேரம் இருந்தது. உச்சிக்குச் சூரியன் வரும்போது அந்த ஊரில் நண்பகல், அவ்வளவே. அடுத்த ஊரின் கடிகாரம் சில நிமிடங்கள் வேறுபட்டால் யாருக்கும் நட்டமில்லை. ஆயிரம் மைல் தொலைவுக்கு ஒரே கால அட்டவணையில் ரயில் ஓடத் தொடங்கியதும் அந்தச் சில நிமிடங்கள் ஆபத்தாயின. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரு ரயில்களின் ஓட்டுநர்களும் ஒரே நேரத்தைப் பார்த்தாக வேண்டும்.

எந்த ஊரின் நேரத்தை ஏற்பது என்ற கேள்விக்கு ரயில்வே கண்ட விடை, மதராஸ். அந்நகரின் தீர்க்கரேகை பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஏறக்குறைய இடையில் அமைந்திருந்தது ஒரு காரணம். 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்த வானாய்வகம் துல்லியமாக நேரம் கணிக்கும் வசதியைப் பெற்றிருந்தது மற்றொரு காரணம். கிரீன்விச் நேரத்தைவிட 5 மணி 21 நிமிடங்கள் சொச்சம் முன்னதாக இருந்த மதராஸ் நேரம், தந்திக் கம்பிகள் வழியே நாடெங்கும் அனுப்பப்பட்டு ‘ரயில்வே நேரம்’ ஆனது. கல்கத்தாவின் நேரம் அதனினும் சுமார் 32 நிமிடங்கள் முன்னே; பம்பாயின் நேரம் சுமார் 30 நிமிடங்கள் பின்னே. வானாய்வகத்தின் கருங்கல் தூண், நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. அந்த மையத்தின் பெயரை மழைக்காலச் செய்திகளில் மட்டுமே கேட்டுப் பழகிய நமக்கு, நாட்டின் ரயில்களுக்கே நேரம் சொன்ன இடம் அது என்பது சற்று வியப்புக்குரியதுதான்.

பம்பாயின் பிடிவாதம்

ரயில் நிலையத்துக்குள் மதராஸ் நேரம் இருந்ததைப் பம்பாய்வாசிகள் பொறுத்துக்கொண்டனர். 1881-ல் ஆளுநர் ஜேம்ஸ் பெர்குசன், நகரின் அரசு அலுவலகங்கள் அனைத்தும் அதையே பின்பற்ற வேண்டும் என்று ஆணையிட்டபோது எதிர்ப்பு வெடித்தது. நமது நேரத்தை இன்னொரு மாகாணத் தலைநகர் தீர்மானிப்பதா என்ற தன்மானக் கேள்வி அதில் இருந்தது. பம்பாய் பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் கோபுரக் கடிகாரம் பம்பாய் நேரத்தையே காட்டிக்கொண்டிருந்தது. மதராஸ் நேரத்துக்கு மாறாவிட்டால் அக்கடிகாரத்துக்கு விளக்கு எரிக்கும் செலவை ஏற்க இயலாது என்றது அரசு. பல்கலைக்கழகம் இணங்கவில்லை. 1883-ல் ஆணையைத்தான் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

அடுத்த மோதல் இதனினும் கடுமையானது. கிரீன்விச்சை அடிப்படையாகக் கொண்ட உலக நேர முறைக்கு ஏற்ப, 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரத்தை நாடு முழுமைக்கும் பொதுவாக்க அரசு முடிவு செய்தது. இன்றைய உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூர் அருகே செல்லும் கோடு அது. கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னதாக உள்ள இந்த நேரம் 1906 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மதராஸ் கடிகாரங்கள் சுமார் 9 நிமிடங்கள் மட்டுமே முன்னே தள்ளப்பட்டன. நகரம் பெரிதாக முணுமுணுக்கவில்லை. பம்பாயில் 39 நிமிடங்கள்.

அந்த 39 நிமிடங்களை யார் கொடுப்பது என்பதே பிரச்சினை. ஆலையின் சங்கு பழைய மணிக்கே ஊதினால், தொழிலாளி உண்மையில் 39 நிமிடங்கள் முன்னதாக, இருட்டில் எழுந்து வர வேண்டும். ஜனவரி முதல் வாரத்திலேயே ஜேக்கப் சசூன் ஆலையில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலைக்குச் செல்ல மறுத்துத் திரண்டனர். ஆலையின் மீது கற்கள் பறந்தன. முந்தைய ஆண்டு அக்டோபரில்தான் வங்கப் பிரிவினை நடந்திருந்தது. மக்களைக் கேளாமல் மாகாணத்தைப் பிரித்த அதே அரசு இப்போது கடிகாரத்திலும் கை வைக்கிறது என்ற சினம் படித்தவர்களிடையேயும் பரவியது. சில மாதங்களில் பம்பாய் மாநகராட்சி, தனது கடிகாரங்களைப் பழைய நேரத்துக்கே திருப்பத் தீர்மானம் நிறைவேற்றியது. பிறகு பல பத்தாண்டுகளுக்கு அந்நகரில் ஒருவர் மற்றவரைச் சந்திக்க நேரம் குறிக்கும்போது, எந்த நேரம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருந்தது. கல்கத்தா 1948 வரை தன் நேரத்தைக் கைவிடவில்லை. பம்பாய் நேரம் 1950-களில்தான் முற்றிலும் வழக்கொழிந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை, நாடு முழுவதும் கடிகாரங்கள் மேலும் ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டிருந்தன. போர் முடிந்ததும் அவை பழைய இடத்துக்குத் திரும்பின.

வெளிச்சத்துக்குக் கூலி

தேயிலைத் தோட்டங்கள் பின்பற்றுவது, போர்க்காலத்தில் நாடே பின்பற்றிய அந்த நேரத்தைத்தான். கொழுந்து பறிப்பது முழுக்க முழுக்க வெளிச்சத்தை நம்பிய வேலை. பறித்த இலையின் எடையே தொழிலாளியின் வருவாயையும் தோட்டத்தின் வருவாயையும் தீர்மானிக்கிறது. மேல் அசாமில் கோடைக்காலத்தில் நாலரை மணிக்கு முன்பே விடிந்துவிடும் நிலையில், எட்டு மணிக்கு வேலையைத் தொடங்குவது மூன்றரை மணி நேர வெளிச்சத்தை வீணாக்குவதாகும். பிரிட்டிஷ் தோட்ட உரிமையாளர்கள் கணக்குப் பார்த்துக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே வைத்தனர். அவர்கள் நாட்டைவிட்டுச் சென்ற பின்னரும் அந்தக் கணக்கு மாறவில்லை. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டமும், குறிப்பிட்ட தொழிற்பகுதிக்கென உள்ளூர் நேரத்தை வரையறுத்துக்கொள்ள அரசுகளுக்கு இடமளித்தது.

தமிழில் நாம் ‘நேரம் என்ன?’ என்பதைவிட ‘மணி என்ன?’ என்றே மிகுதியும் கேட்கிறோம். கடிகாரம் ஒவ்வொரு கைக்கும் வருவதற்கு முன்பு நேரம் ஓசையாகவே ஊருக்குள் வந்தது என்பதன் சுவடு அச்சொல். தோட்டங்களில் அது இன்னும் பழங்கதை ஆகிவிடவில்லை. அங்கு வேலை நாளை நடத்துவது மணியும் சங்கும்தான். தொழிலாளியின் கைப்பேசி காட்டும் நேரம் எதுவாயினும், அதனுடன் ஒன்றைக் கூட்டிக்கொள்ள அவர் அறிவார்.

அண்டை நாடுகளோடு ஒப்பிட்டால் விநோதம் மேலும் தெளிவாகிறது. திரிபுராவின் தலைநகர் அகர்தலாவுக்கு மேற்கே வங்கதேசம் உள்ளது. மேற்கே உள்ள ஊரில் பொழுது தாமதமாகப் புலரும் என்பதால் அதன் கடிகாரம் பின்தங்கி இருக்க வேண்டும். இங்கோ, எல்லை தாண்டினால் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. மிசோரமின் கிழக்கே உள்ள மியான்மரின் நேரமோ ஒரு மணி முன்னதாக, அதாவது நமது தேயிலைத் தோட்டங்களின் நேரமாகவே இருக்கிறது.

இரண்டாகப் பிரிக்கலாமா?

வடகிழக்குக்குத் தனி நேர மண்டலம் வேண்டும் என்ற குரல் பல்லாண்டுகளாக ஒலிக்கிறது. அசாமியத் திரைப்பட இயக்குநர் ஜானு பருவா இதற்காகத் தொடர்ந்து வாதிட்டவர்களில் ஒருவர். 2014 ஜனவரியில், அப்போதைய அசாம் முதலமைச்சர் தருண் கோகோய், தோட்ட நேரத்தையே மாநிலம் முழுவதும் கொண்டுவரப்போவதாக அறிவித்தார். அறிவிப்போடு அது நின்றுவிட்டது. 2017-ல் தனி நேரம் கோரிய பொதுநல மனுவைக் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

அடுத்த ஆண்டே இக்கோரிக்கைக்கு எதிர்பாராத இடத்திலிருந்து ஆதரவு வந்தது. இந்தியத் திட்ட நேரத்தைச் சீசியம் அணுக்கடிகாரங்களின் துணையோடு பராமரிக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானிகளே, நாட்டுக்கு இரண்டு நேரங்கள் தேவை என்று ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். 89 பாகை 52 கலைத் தீர்க்கரேகையை எல்லையாகக் கொண்டு, வடகிழக்கு மாநிலங்களுக்கும் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கும் ஒரு மணி நேரம் முந்தைய இரண்டாவது நேரத்தை அளிக்கலாம் என்பது அவர்கள் யோசனை. மேற்கு வங்கத்துக்கும் அசாமுக்கும் இடையே நிலப்பரப்பு மிகக் குறுகியிருப்பதால், ரயில்கள் நேர எல்லையைக் கடப்பதைக் கவனிக்க வேண்டிய நிலையங்கள் நியூ கூச்பிகார், அலிபுர்துவார் ஆகிய இரண்டே என்றும் அவர்கள் சுட்டிக்காட்டினர்.

மத்திய அரசு இதனை ஏற்கவில்லை. வியூகக் காரணங்களை முன்னிட்டு இரு நேர மண்டலங்கள் வேண்டாம் என்பதே நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்த நிலைப்பாடு. ரயில் விபத்து குறித்த அச்சமும் வழக்கமாக முன்வைக்கப்படுகிறது. இரண்டு நிலையங்களில் தீர்க்கக்கூடிய சிக்கலை அச்சமாக்கிக் காட்டுவது சற்று மிகையாகவே தோன்றுகிறது. ஆனால், நாட்டின் பிற பகுதிகளோடு ஏற்கெனவே தொலைவை உணரும் ஒரு வட்டாரத்தைக் கடிகாரத்தாலும் பிரிப்பதா என்ற தயக்கத்தை அவ்வளவு எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

மூன்றாவதாக ஒரு வழியும் முன்மொழியப்பட்டுள்ளது. பெங்களூருவின் தேசிய உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த திலீப் அஹுஜாவும் டி.பி. சென்குப்தாவும், நாட்டை இரண்டாகப் பிரிக்காமல், அனைவரின் கடிகாரத்தையும் நிலையாக அரை மணி நேரம் முன்னே நகர்த்தினால் போதும் என்றனர். மாலையில் விளக்கேற்றும் நேரம் நாடெங்கும் தள்ளிப்போவதால் ஆண்டுக்குச் சுமார் 270 கோடி யூனிட் மின்சாரம் மிச்சமாகும் என்பது அவர்களது மதிப்பீடு. இரண்டு மண்டலங்கள் அமைத்தால் மிச்சமாகும் என இயற்பியல் ஆய்வகம் கணித்ததோ சுமார் 2 கோடி யூனிட்.

மின்சாரத்தை மட்டும் பார்த்தால் அரை மணி நேர யோசனையே வெல்கிறது. குழந்தைகளின் உறக்கத்தைப் பார்த்தால் கணக்கு திரும்பிவிடுகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆய்வு மேற்கொண்ட மௌலிக் ஜக்னானி, இந்தியக் குழந்தைகளின் உறக்கத்தையும் படிப்பையும் சூரியன் மறையும் நேரத்தோடு ஒப்பிட்டார். ஒரே கடிகாரத்தின் கீழ் சூரியன் ஒரு மணி நேரம் தாமதமாக மறையும் பகுதிகளில் குழந்தைகள் சுமார் 30 நிமிடங்கள் குறைவாக உறங்குகின்றனர் எனக் கண்டார். இருட்டும் நேரம் தாமதமாவதால் படுக்கச் செல்வதும் தாமதமாகிறது. பள்ளி மணியோ எங்கும் ஒரே நேரத்தில் அடிக்கிறது. அப்பகுதிக் குழந்தைகள் பெறும் கல்வியும் சராசரியாக 0.8 ஆண்டு குறைவு. தனி அறையோ அமைதியான படுக்கையோ இல்லாத ஏழைக் குடும்பங்களில்தான் இத்தாக்கம் மிகுதி.

இந்த இழப்பு வடகிழக்கில் நேர்வதன்று, மேற்கில் நேர்வது. அனைவரின் கடிகாரத்தையும் அரை மணி முன்னே தள்ளினால் கட்ச் கடற்கரையின் ஜூன் மாதச் சூரியன் இரவு எட்டேகால் மணிக்குத்தான் மறையும். மறுநாள் காலைப் பள்ளிக்கு அந்தக் குழந்தைகள் இப்போதைவிடவும் முன்னதாக எழ வேண்டியிருக்கும். 1906-ல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்கள் எதிர்த்ததும் இதே மேற்குக் கரையில், இதே போன்ற அரை மணிச் சொச்சத்தைத்தான்.