எந்தக் கல்லூரியில் சேர்வது?

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளிவந்ததும், இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பல இல்லங்களில் எழும் கேள்வி இதுவே. இப்பொழுது அதனுடன் புதிய பெயரொன்றும் சேர்ந்துள்ளது: தகவல் தொழில்நுட்பத் திட்ட மேலாண்மை.

அஃது யாது? துறைமுக வாயிலில் கன்டெய்னர் லாரிகள் நெடுவரிசையாக நிற்பதை இப்பகுதி நேயர்கள் நன்கறிவர். அவ்வரிசையைக் குறைக்க, நுழைவுச் சீட்டைக் கணினி வழியே வழங்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்வதாக வைத்துக்கொள்வோம். சுங்கத்துறையார் வேண்டுவது ஒன்று. லாரி ஓட்டுநர் வேண்டுவது மற்றொன்று. கப்பலோ எவருக்காகவும் காத்திராது. எதனை முதலில் செய்வது, எத்தனை நாளில், எவ்வளவு செலவில், பழைய முறையை எந்த இரவில் நிறுத்துவது என்று முடிவு செய்து, தவறினால் விடை கூறவும் ஒருவர் வேண்டும் அன்றோ? அவரே திட்ட மேலாளர்.

இப்பொறுப்பு பட்டத்தால் மட்டும் வந்துவிடாது. நம் நாட்டில் இப்பெயரில் தனி இளநிலைப் பட்டம் அரிது. பி.டெக். அல்லது பி.சி.ஏ. முடித்து, சில ஆண்டு பணியாற்றி, பின்னர் எம்.பி.ஏ. பயில்வதே பலரும் செல்லும் வழி. உலகெங்கும் மதிக்கப்பெறும் பி.எம்.பி. தேர்வுக்கும் பட்டதாரிகளிடம் மூன்றாண்டு அனுபவம் கேட்கின்றனர். ஆகவே, பட்டத்தின் பெயருக்காகக் கூடுதல் பணம் கட்டுவது வீண் என்பதே என் கருத்து.

கல்லூரியை எவ்வாறு அளப்பது? அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. வழவழப்பான விளம்பரத் தாளினும் அவ்வெண் நேர்மையானது. தாமே தேர்வு நடத்தும் தன்னாட்சிக் கல்லூரிகளுக்கு இவ்வளவுகோல் பொருந்தாது. அங்கே, நீங்கள் சேரும் பிரிவுக்குத் தேசிய அங்கீகார வாரியத்தின் சான்று உண்டா என்று கேளுங்கள்; கல்லூரி முழுமைக்கும் தரப்பெறும் சான்று வேறு.

இறுதியாண்டுத் திட்டப்பணி எங்கே நடைபெறுகிறது என்பதையும் அங்குப் பயிலும் மாணவரிடமே விசாரியுங்கள். காமராசர் துறைமுகமும், எண்ணூர் மோட்டார் தொழிற்சாலையும், மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் அருகிருக்க, திட்ட அறிக்கையைக் கடையில் விலைக்கு வாங்கிக் கட்டும் வழக்கமும் நம் நகரில் இருக்கிறது! அவ்வாறு பெற்ற பட்டம் முதல் நேர்முகத் தேர்விலேயே சாயம் வெளுத்துவிடும்.

தொலைவு முன்போல் தடையன்று. 2021-இல் மெட்ரோ ரயில் விம்கோ நகர் வரை நீண்டது. கிண்டிக்கு வண்டி மாறாமலே செல்லலாம்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை பயின்றோர்க்குப் பொறியியல் படிப்பில் 7.5 விழுக்காடு இடம் 2021 முதல் ஒதுக்கப்படுகிறது. அவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. கலந்தாய்வுக்குக் காத்திராமல், முன்பணம் கட்டி நிர்வாக இடத்தில் சேர்வோர் இந்நலத்தை இழப்பர். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரி தன்னிடம் வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. சரிபார்த்தவுடன் அவற்றைக் கேட்டுப் பெற்று, வீட்டுக்கு எடுத்து வாருங்கள்.