பூரிக் கடற்கரையில் ஒரு சின்னக் கேமரா

பூரி, ஒடிசா மாநிலத்தில் உள்ள ஊர். வங்கக் கடலோரத்தில் இருக்கிறது. ஜெகந்நாதர் கோயில் இங்குதான் உள்ளது. மார்கழி, தை மாதங்களில் வெயில் கடுமையாக இருக்காது. அதனால் பலர் குடும்பத்தோடு வருகிறார்கள். செல்போன் வந்த பின்பும் சிலர் சின்னக் கேமராவை விடவில்லை. அது சட்டைப் பையில் அடங்கிவிடும்.

ஊர் திரும்பிப் படத்தைப் பார்க்கிறார்கள். கடல் தெரிகிறது. மணல் தெரிகிறது. அம்மாவின் முகம் மட்டும் கறுப்பாக இருக்கிறது. கேமரா கெட்டுவிட்டதா? இல்லை.

கேமரா எதிரே உள்ள வெளிச்சத்தை அளக்கிறது. கடற்கரையில் மணல் பளிச்சென்று இருக்கும். வானமும் அப்படித்தான். வெளிச்சம் அதிகம் என்று கேமரா கணக்குப் போடுகிறது. உள்ளே விடும் ஒளியைக் குறைக்கிறது. முகத்துக்கு ஒளி போதாமல் போகிறது.

இதற்கு வழி உண்டு. கேமராவில் மின்னல் போல ஒரு குறி இருக்கும். அதுதான் பிளாஷ் விளக்கு. பகலில் விளக்கு எதற்கு என்று பக்கத்தில் இருப்பவர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். ஆறேழு அடி தூரத்தில் நின்று, பிளாஷ் போட்டு எடுங்கள். முகம் தெளிவாக விழும். தூரத்தில் நிற்பவரை அந்த விளக்கு எட்டாது.

உச்சி வெயிலில் கண்ணுக்குக் கீழே நிழல் விழும். காலையும் மாலையும்தான் நல்ல நேரம். டிசம்பர் கடைசியில் பூரியில் சூரியன் சுமார் 6.20 மணிக்கு உதிக்கிறது. 6 மணிக்கே மணலில் இருங்கள். உதிக்கும் சூரியனுக்கு எதிரே நிற்கும் படகு கறுப்பாகத்தான் விழும். அதுவும் ஓர் அழகு. கடல் கோடு மட்டும் சாயக் கூடாது. சாய்ந்தால் தண்ணீர் ஒரு பக்கம் கொட்டுவது போல இருக்கும்.

அந்த நேரத்தில் மீனவர்கள் கரை ஏறுவார்கள். இவர்களில் பலர் தெலுங்கு பேசுபவர்கள். பேச்சு தெரியாவிட்டால் கேமராவைக் காட்டித் தலையை அசைத்தால் போதும். வேண்டாம் என்றால் எடுக்காதீர்கள்.

இங்கே ஒரு பெரிய ஆபத்து உண்டு. பூரியில் அலை வேகமானது. திரும்பும் அலை காலடி மணலை அரித்து இழுக்கும். படத்துக்காகக் கடலுக்கு முதுகு காட்டி நிற்பவர்களுக்கு வரும் அலை தெரியாது. எடுப்பவரும் கேமராவைத்தான் பார்க்கிறார். இப்படி உயிர் போனவர்கள் உண்டு. ஈர மணலைத் தாண்டிப் போகாதீர்கள். குழந்தையைத் தனியாக நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். கூம்புத் தொப்பி போட்ட நோலியாக்கள் கரையில் இருப்பார்கள். கடலில் குளிப்பவர்களைக் காப்பவர்கள் இவர்கள். இவர்கள் போகாதே என்றால் போகக் கூடாது.

ஜெகந்நாதர் கோயிலுக்குள் கேமரா கொண்டுபோக அனுமதி இல்லை. அறையிலேயே வைத்துவிட்டுப் போகலாம்.

கேமராவுக்கு எதிரி உப்பும் மணலும். ஒரு மணல் துகள் போதும், முன்னும் பின்னும் நகரும் லென்ஸ் சிக்கிக்கொள்ளும். எடுக்காத நேரத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள். பேட்டரியை மணலில் உட்கார்ந்து மாற்றாதீர்கள். அறைக்கு வந்ததும் மணலை முதலில் மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள். மணலோடு துடைத்தால் கண்ணாடியில் கீறல் விழும். பிறகு பருத்தித் துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து, கேமராவின் வெளிப்பக்கத்தை மட்டும் துடையுங்கள். உப்பு போய்விடும்.