கணவர், மகன், மூன்று பேரன்கள். பிறகு தன் பெயரிலேயே ஆட்சி: காஷ்மீர் அரசி தித்தாவின் வரலாறு

காஷ்மீரில் கிடைத்துள்ள 10-ஆம் நூற்றாண்டுச் செப்புக் காசுகளில், மன்னர் க்ஷேமகுப்தரின் பெயருக்கு முன்னால் 'தி' என்ற ஓரெழுத்து பொறிக்கப்பட்டிருக்கிறது. அது அவருடைய பட்டம் அன்று. அவருடைய பட்டத்தரசி தித்தாவின் பெயரின் முதலெழுத்து. மன்னர் உயிரோடு ஆட்சி செய்துகொண்டிருந்த காலத்திலேயே அரசியின் பெயர் நாணயத்தில் இடம்பெற்றது அரிதான செய்தி. அரசவையில் இருந்தவர்கள் மன்னரை 'தித்தாக்ஷேமன்' என்று ஏளனமாக அழைத்தார்கள் என்று கல்ஹணரின் ராஜதரங்கிணி கூறுகிறது. பெண்டாட்டி பேச்சைக் கேட்பவர் என்பதே அதன் பொருள்.

ஏளனம் செய்தவர்கள் எதை எண்ணி அப்படிச் சொன்னார்களோ, அதற்கும் அப்பால் சென்றது தித்தாவின் வாழ்க்கை. கணவரின் காலத்தில் அரசி, மகன் காலத்தில் காப்பாளர், பேரன்கள் காலத்தில் உண்மையான அதிகாரம் படைத்தவர், இறுதியாகத் தன் பெயரிலேயே ஆட்சியாளர் என ஏறத்தாழ 50 ஆண்டுகள் காஷ்மீரின் அரசியல் அவரைச் சுற்றியே நடந்தது. அவர் கண்மூடியபோது அரியணை கணவரின் வம்சத்தை விட்டு, அவர் பிறந்த வீட்டுக்குச் சென்றிருந்தது.

அரியணை நிலைக்காத நாடு

தித்தா காலெடுத்து வைத்த அரசவை எப்படிப்பட்டது என்பதை அறிந்தால்தான் பின்னர் நடந்தவை விளங்கும். 902-இல் மன்னர் சங்கரவர்மன் இறந்த பிறகு காஷ்மீரில் பெரும்பாலான மன்னர்கள் நிம்மதியாக ஆளவில்லை. தந்திரின்கள் எனப்பட்ட காலாட்படையினரும், டாமரர்கள் எனப்பட்ட நிலக்கிழார்களும், அமைச்சர்களும் விரும்பியவரை அரியணையில் ஏற்றினார்கள், விரும்பாதபோது இறக்கினார்கள். சங்கரவர்மனின் அரசி சுகந்தா, தன் மகன் இறந்த பின் 904 முதல் 906 வரை தானே ஆண்டார். தந்திரின்கள் அவரை விரட்டினார்கள். 914-இல் ஆட்சியை மீட்க முயன்று சிறைப்பட்ட அவர் கொல்லப்பட்டார். ஆள முற்பட்ட கைம்பெண் அரசிக்கு அந்நாடு அளித்த முன்மாதிரி இதுதான்.

949-இல் பர்வகுப்தர் என்ற அமைச்சர், அரியணையில் இருந்த சிறுவன் சங்கிராமதேவனைக் கொன்று ஆட்சியைப் பிடித்தார். மறு ஆண்டே அவரும் இறக்க, 950-இல் மகன் க்ஷேமகுப்தர் மன்னரானார். கொலையால் வந்த அரியணை. அதற்கு நெடிய பழமையும் இல்லை. இத்தகைய வீட்டுக்குத்தான் தித்தா மருமகளாக வந்தார்.

அவருடைய பிறந்த வீடோ வலுவானது. தந்தை சிம்மராஜர், லோகரத்தின் அதிபதி. இன்றைய பூஞ்ச் மாவட்டத்தின் லோரன் பள்ளத்தாக்கில் அமைந்திருந்த அந்தச் சிறு நாடு, தெற்கிலிருந்து தோசமைதான் கணவாய் வழியாகக் காஷ்மீருக்குள் நுழையும் பாதையைக் காத்து நின்றது. தாய்வழிப் பாட்டனார் பீமர், சிந்து நதிக்கரையில் உதபாண்டபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த இந்து ஷாஹி வம்சத்தின் மன்னர். புதிதாக முளைத்த குப்த குடும்பத்துக்கு இந்தத் திருமணம் பெரும் பலம். காசில் தித்தாவின் பெயர் ஏறியதற்கு மன்னரின் மோகம் ஒன்றையே காரணமாகக் காட்டுகிறது பழைய வரலாறு. பேரம் பேசும் வலிமை படைத்த பிறந்த வீடும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

சக்களத்தியும் அவளுடைய தந்தையும்

தித்தா மட்டுமே க்ஷேமகுப்தரின் மனைவி அல்லர். அரசவையில் செல்வாக்கு மிகுந்த அமைச்சர் பல்குணன், தன் மகள் சந்திரலேகையையும் மன்னருக்கு மணம் முடித்து வைத்திருந்தார். சந்திரலேகைக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்து நிலைத்தால், அமைச்சர் பல்குணன் மன்னரின் பாட்டனாராகிவிடுவார். தித்தாவுக்கும் பல்குணனுக்கும் இடையே மூண்ட பகை வெறும் சக்களத்திச் சண்டையின் நீட்சி அன்று. அடுத்த மன்னர் யார் என்பதே அதன் உட்பொருள்.

958-இல் அந்தக் கேள்வி எதிர்பாராமல் எழுந்தது. நரி வேட்டையில் பித்துக் கொண்டிருந்த க்ஷேமகுப்தர், வேட்டைக்குச் சென்ற இடத்தில் கடும் காய்ச்சல் கண்டு, இன்றைய பாரமுல்லாவை அடுத்த வராகத் தலத்தில் இறந்தார். தித்தாவின் மகன் அபிமன்யு அப்போது சிறுவன்.

சிதை மூட்டப்பட்டபோது தித்தா உடன்கட்டை ஏற முன்வந்தார் என்றும், பல்குணன் அதற்கு உடனடியாக ஒப்புதல் அளித்தார் என்றும் ராஜதரங்கிணி கூறுகிறது. அந்த அவசரமே அவரைக் காட்டிக்கொடுத்தது. நரவாகனன் என்ற அமைச்சர் சிதையருகே சென்று அரசியைத் தடுத்து நிறுத்தினார். அந்த ஒரு நொடியில் வேறு முடிவு எடுக்கப்பட்டிருந்தால், பெயரளவில் அபிமன்யு மன்னராகவும், உண்மையில் பல்குணன் ஆட்சியாளராகவும் ஆகியிருப்பார்கள். தித்தா உயிரோடு திரும்பினார். மகனின் பெயரில் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். தலைநகரில் தனக்கு இடமில்லை என உணர்ந்த பல்குணன் பூஞ்ச் பகுதிக்கு விலகிச் செல்ல நேர்ந்தது.

பொன்னால் கலைந்த கூட்டணி

அடுத்த மிரட்டல் கணவர் வீட்டிலிருந்தே வந்தது. பர்வகுப்தரின் மகள் வயிற்றுப் பேரர்களான மகிமனும் பாடலனும் அரண்மனையிலேயே வளர்ந்தவர்கள். அரியணைக்குத் தங்களுக்கும் உரிமை உண்டு என்று அவர்கள் கருதினார்கள். அரண்மனையிலிருந்து வெளியேற்றப்பட்ட மகிமன், அதிருப்தி கொண்டிருந்த பிரபுக்களையும் லலிதாதித்யபுரத்து அந்தணர்களையும் சேர்த்துக்கொண்டு படை திரட்டினான். பாம்பூரில் உள்ள பத்மசுவாமி கோயிலருகே கலகப்படை முகாமிட்டது.

தித்தா முதலில் மகனைப் பாதுகாப்பாக ஒரு மடத்துக்கு அனுப்பினார். அடுத்து, எதிரணியின் பிணைப்பு எங்கே தளர்வாக இருக்கிறது என்று பார்த்தார். அந்தணர்களுக்குப் பொன் சென்றது. அவர்கள் இரு தரப்புக்கும் இடையே சமரசம் பேசினார்கள், கூட்டணி கலைந்தது. கலகக்காரர்களில் ஒருவனான யசோதரனுக்குத் தலைமைப் படைத்தளபதி பதவி கிடைத்தது. மகிமன் சில நாள்களில் இறந்தான். அரசி வைத்த செய்வினையே அதற்குக் காரணம் என்கிறார் கல்ஹணர்.

அரசிக்கு ஒரு கால் ஊனம். வல்கா என்ற பணிப்பெண்ணே அவரைச் சுமந்து செல்வாள். நடக்க இயலாத இப்பெண் பகைக் கடலைத் தாண்டியதை, அனுமன் கடல் தாண்டியதற்கு ஒப்பிடுகிறார் கல்ஹணர். அரசியை விரும்பாத ஆசிரியரிடமிருந்து வந்த பாராட்டு என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

இந்த அமைதி நீடிக்கவில்லை. யசோதரன் ஷாஹி குலத்துத் தக்கணன் மீது படையெடுத்து வென்று, கப்பம் பெற்றுக்கொண்டு அவனையே மீண்டும் ஆட்சியில் அமர்த்தினான். அவன் கையூட்டு வாங்கிவிட்டான் என்று அமைச்சர் ரக்கன் அரசியின் காதில் ஓதினார். யசோதரனை நாடு கடத்த ஆணை பிறந்ததும், முன்பு மகிமனோடு நின்ற பிரபுக்கள் மீண்டும் கிளர்ந்தெழுந்து அரண்மனையையே தாக்கினார்கள். நரவாகனன் மட்டும் விலகாமல் நின்றார். கூடுதல் படை வந்து சேர்ந்த பிறகே கலகம் ஒடுங்கியது.

இம்முறை பொன் இல்லை, பதவி இல்லை. தலைவர்கள் கொல்லப்பட்டார்கள். காஷ்மீரிகள் கயையில் முன்னோருக்குத் திதி கொடுக்கச் செலுத்தி வந்த வரியிலிருந்து விலக்குப் பெற்றுத் தந்தவன் எனப் புகழ்பெற்ற ஏரமந்தகன், கழுத்தில் கல் கட்டப்பட்டு விதஸ்தா நதியில், அதாவது இன்றைய ஜீலத்தில், வீசப்பட்டான். 60 ஆண்டுகளில் 16 மன்னர்களின் மானத்தையும் உயிரையும் பொருளையும் பறித்த கூட்டத்தை இந்த அரசி வேரறுத்தார் என்பதைக் கல்ஹணரே பதிவு செய்கிறார். சுகந்தாவுக்கு நேர்ந்தது தித்தாவுக்கு நேராமல் போனதன் விளக்கம் இந்த ஒரு குறிப்பில் அடங்கியிருக்கிறது.

ஆனால் அவர் மீது படிந்த நிழல்களும் இதே ஆண்டுகளில்தான் தொடங்குகின்றன. சிதையிலிருந்து தன்னைக் காத்த நரவாகனனையே பிறர் சொல் கேட்டு அவர் சந்தேகித்தார். அவமதிப்புத் தாங்காமல் நரவாகனன் உயிரை மாய்த்துக்கொண்டார். டாமரர்களைச் சமாளிக்க ஆள் இல்லாத நிலையில், பழைய எதிரி பல்குணனையே தித்தா மீண்டும் அழைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மூன்று பேரன்கள்

972-இல் அபிமன்யு இறந்தார். துயரத்தில் ஆழ்ந்த தித்தா அடுத்த ஓராண்டு கோயில்களும் மடங்களும் ஊர்களும் அமைப்பதில் ஈடுபட்டார். மகன் பெயரில் அபிமன்யுபுரம், தன் பெயரில் தித்தாபுரம் ஆகியவை எழுந்தன.

அதன் பின் நடந்தவையே அவருடைய பெயரை இன்றளவும் துரத்துகின்றன. அபிமன்யுவின் மகன்கள் மூவரும் ஒருவர் பின் ஒருவராக அரியணை ஏறினார்கள். நந்திகுப்தன் 973-இலும், திரிபுவனகுப்தன் 975-இலும் இறந்தார்கள். இருவரையும் பாட்டியே மாந்திரீகத்தால் கொன்றார் என்பது ராஜதரங்கிணியின் குற்றச்சாட்டு. மூன்றாமவன் பீமகுப்தன் வளர்ந்து ஆட்சியில் தலையிடத் தொடங்கியதும் சிறையில் வதைக்கப்பட்டு மாண்டான் என்றும் அந்நூல் கூறுகிறது. 980-ஆம் ஆண்டு வாக்கில் தித்தா தானே அரியணையில் அமர்ந்தார்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? கல்ஹணர் எழுதியது 1148-49-இல். தித்தா இறந்து ஏறத்தாழ 150 ஆண்டுகளுக்குப் பிறகு. மாந்திரீகம் என்பது சான்று ஆகாது. குழந்தைகள் நோயால் இறப்பது அன்று எந்த அரண்மனைக்கும் புதிதன்று. பல்குணனோடும் வேறு சிலரோடும் தித்தாவுக்குத் தகாத உறவு இருந்ததாகக் குற்றம் சாட்டி, அதைப் பெண்களின் இயல்பாகவே பொதுமைப்படுத்துகிறார் கல்ஹணர். சிறுவனைக் கொன்று முடிசூடிய பர்வகுப்தரையும் அவர் கண்டிக்கத்தான் செய்கிறார். ஆனால் அந்தக் குற்றத்தை ஆண்களின் இயல்பாக்கவில்லை.

அதே நேரத்தில் கல்ஹணரை எதிர்த் தரப்பின் பிரச்சாரகர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அவர் நூல் எழுதியபோது காஷ்மீரை ஆண்ட ஜயசிம்மன், தித்தாவின் சகோதரர் வழி வந்தவர். ஆளும் குடும்பத்து மூதாட்டியைப் பற்றி இவ்வளவு கடுமையாக எழுத ஒரு துணிவு வேண்டும். முதல் இரு பேரன்களின் மரணத்தில் ஐயத்தின் பயனைத் தித்தாவுக்கு அளிக்கலாம். பீமகுப்தன் விவகாரத்தில் அது கடினம். அவனுடைய மரணத்தால் பயனடைந்தவர் அவர் ஒருவரே.

தன் பெயரில் ஆட்சி

பூஞ்ச் பகுதியில் எருமை மேய்த்த குடும்பத்தில் பிறந்து, கடிதம் சுமப்பவனாக அரசுப் பணிக்கு வந்த துங்கன் என்பவனைத் தித்தா தன் முதலமைச்சராக்கினார். பிரபுக்கள் கொதித்தார்கள். தித்தாவின் சகோதரர் மகன் விக்கிரகராஜன், துங்கனை நீக்கக் கோரி அந்தணர்களை உண்ணாநோன்பு இருக்கத் தூண்டினான். மீண்டும் பொன் பேசியது, நோன்பு முடிந்தது. துங்கனோ வெறும் அரண்மனைச் செல்லப்பிள்ளையாக இருக்கவில்லை. ராஜபுரியின், அதாவது இன்றைய ரஜௌரியின், மன்னரைப் பணியவைத்துக் கப்பம் கட்டச் செய்தான். டாமரர்களையும் ஒடுக்கினான். குலப்பெருமை இல்லாதவன் தன்னை உயர்த்திய அரசியை விட்டால் போக்கிடம் இல்லாதவன். தித்தாவின் கணக்கு அதுவாகவே இருந்திருக்க வேண்டும்.

இந்த ஆண்டுகளில் 'ஸ்ரீ தித்தா' என்ற பெயரோடு காசுகள் வெளிவந்தன. க்ஷேமகுப்தரின் பெயருக்கு முன் ஓரெழுத்தாக நின்றவர், இப்போது முழுப்பெயராக நின்றார். சைவ மெய்யியலாளர் அபிநவகுப்தர் இளமையில் கல்வி கற்று வளர்ந்ததும் ஏறத்தாழ இதே காலத்துக் காஷ்மீரில்தான்.

ஆப்பிள் குவியலும் அடுத்த மன்னரும்

நேரடி வாரிசு எவரும் எஞ்சாத நிலையில் தித்தா ஒரு சோதனை வைத்ததாகக் கூறப்படுகிறது. தன் சகோதரர்களின் மகன்களான சிறுவர்களை அழைத்து, முன்னால் ஆப்பிள் பழங்களைக் குவித்து, யார் அதிகம் எடுக்கிறீர்கள் பார்ப்போம் என்றார். சிறுவர்கள் முட்டி மோதி, சில பழங்களோடு காயமும் பட்டு நின்றார்கள். உதயராஜரின் மகன் சங்கிராமராஜன் மட்டும் அடிபடாமல் நிறையப் பழங்களோடு நின்றான். எப்படி என்று அத்தை கேட்டதற்கு, மற்றவர்களை ஒருவர் மீது ஒருவர் ஏவிவிட்டு, தான் ஒதுங்கி நின்று எடுத்துக்கொண்டதாகச் சொன்னான். அவனே இளவரசனானான்.

கதை நடந்ததோ, பின்னர் புனையப்பட்டதோ, தித்தாவின் அரசியலை அறிந்த ஒருவரே இதைச் சொல்லியிருக்க முடியும்.

1003-இல் தித்தா இறந்தபோது சங்கிராமராஜன் இரத்தம் சிந்தாமல் அரியணை ஏறினார். காஷ்மீரில் லோகர வம்சம் இவ்வாறு தொடங்கியது.

கஜினி மகமூதைத் தித்தா தோற்கடித்தார் என்ற செய்தி அண்மைக் காலமாகச் சமூக ஊடகங்களில் பரவி வருகிறது. இது காலக்கணக்கோடு பொருந்தவில்லை. மகமூது காஷ்மீரைக் குறிவைத்து லோகரக் கோட்டையை முற்றுகையிட்டது 1015-இலும் 1021-இலும். இரு முறையும் பனியும் கோட்டையின் வலிமையும் அவரைத் திருப்பி அனுப்பின. அப்போது ஆண்டவர் சங்கிராமராஜன். தித்தா இறந்து பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் கோட்டை அவருடைய பிறந்த வீடு என்பது மட்டுமே உண்மை.

ஸ்ரீநகரில் ஜீலம் கரையில் தித்மர் என்றொரு பகுதி இன்றும் இருக்கிறது. தித்தா கட்டிய மடத்தின் பெயரே அவ்வாறு மருவியதாக, ராஜதரங்கிணியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஆரெல் ஸ்டைன் அடையாளம் காட்டினார். அரசியைச் சுமந்த வல்காவின் பெயரிலும் ஒரு மடம் இருந்தது.